தோல்விக் கணக்கை வாசிப்பது எப்படி?

சென்ற வாரம் கடன் கொப்பியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மன்னாரிலிருந்து ஒரு சகோதரர் தொலைபேசியில் பேசினார். "நட்டத்தில் ஓடுகிற கடையை எந்தக் கட்டத்தில் மூடுவது, எந்தக் கட்டம் வரை பொறுத்திருப்பது? அதற்கு ஓர் அளவு சொல்லுங்கள்" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கான பதிலை எனக்குக் கற்றுத் தந்தவர் வியாபாரி அல்ல. தீவகத்துப் பாடசாலை ஒன்றில் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம் பழக்குகிற ஓர் ஆசிரியை. ஆகவே இந்த வாரம் இந்தப் பத்தியில் விளையாட்டுச் செய்தி வருகிறது. பக்கம் மாறிவிட்டதோ என்று வாசகர்கள் யோசிக்க வேண்டாம்.

ஊர்காவற்றுறையில் எனக்கு ஒரு வலைக்கடை இருக்கிறது. தங்கூசி வலை, கயிறு, மிதப்பு, ஈயம், எஞ்சின் உதிரிப்பாகம் என்று கடற்றொழிலாளருக்கு வேண்டிய சாமான்கள். 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டபோது வாப்பாவின் கடை போய்விட்டது. புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்து திறந்த கடை இது. 2022 இல் நாட்டுக்கு வந்த நெருக்கடி எங்களுக்கு மண்ணெண்ணெய் வழியாக வந்தது. முதலில் எண்ணெயே இல்லை. பிறகு ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. படகு கரையில் கிடந்தால் வலை வாங்க யார் வருவார்? அந்த வருடமும் நட்டம், அடுத்த வருடமும் நட்டம். கொழும்பில் இருக்கும் மகன் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் எடுத்து, "வாப்பா, போதும், மூடிட்டு வாங்க" என்பான். அவன் கணக்குப் படித்தவன். நான் சாதாரண தரத்தோடு நின்றவன். அவனுக்குப் பதில் சொல்ல என்னிடம் கணக்கு இருக்கவில்லை, பிடிவாதம்தான் இருந்தது.

2024 ஜூன் மாதம் அந்த ஆசிரியை கடைக்கு வந்தார்.

"நானா, எங்கட பிள்ளையளுக்கு ரெண்டு பந்தும் ஒரு செற் ஜேர்சியும் வேணும். ஆரிட்டையும் கேட்டுப் பாத்திட்டன், கிடைக்கேல்லை."

காசு கேட்டு வருகிறவரிடம் வியாபாரி கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன். "போன வருசம் எத்தனை போட்டி வென்றீங்க ரீச்சர்?"

"ஒண்டும் வெல்லேல்லை."

"இந்த வருசம்?"

"இன்னும் ஒண்டும் வெல்லேல்லை நானா. ஆனா போன வருசம் தோத்த மாதிரித் தோக்கேல்லை."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து எண்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். முந்தைய வருடம் ஒரே பாடசாலையிடம் 31–6 என்று தோற்றிருக்கிறார்கள். இந்த வருடம் அதே பாடசாலையிடம் முதலில் 24–9, பிறகு 19–12. மூன்றும் தோல்வி. ஆனால் இடைவெளி 25, 15, 7 என்று இறங்கி வருகிறது. அதோடு விடவில்லை. ஒவ்வோர் ஆட்டத்தையும் நான்கு கால் பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எத்தனை கோல் வாங்கினோம், நடு வட்டாரத்தில் எத்தனை தடவை பந்தைப் பறிகொடுத்தோம் என்று தனித்தனியாக எழுதியிருந்தார். கடைசி ஆட்டத்தில் இரண்டாம், மூன்றாம் பகுதிகள் சமநிலை. முதல் பகுதியிலும் கடைசிப் பகுதியிலும்தான் அடி வாங்கியிருக்கிறார்கள். முதல் பகுதியில் பயம், கடைசிப் பகுதியில் களைப்பு என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு சதம் கையாளாத ஆசிரியை வைத்திருக்கிற கணக்கு, முப்பது வருடம் வியாபாரம் செய்த என்னிடம் இல்லை. என் கொப்பியில் மாதத்துக்கு ஒரு வரிதான்: நட்டம், நட்டம், நட்டம்.

ஆட்டம் தெரியாத வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வலைப்பந்தாட்டம் கூடைப்பந்தாட்டத்தின் பிள்ளை. அமெரிக்காவில் 1891 இல் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்தைத் தொடங்கினார். அது இங்கிலாந்துக்குப் போய்ப் பெண்களுக்கான தனி ஆட்டமாக மாறியது. அணிக்கு ஏழு பேர். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, கை மாற்றத்தான் வேண்டும். ஏழு பேரில் இருவருக்குத்தான் கோல் போட அனுமதி. இந்த ஆட்டத்துக்கு உலகம் முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று நாடுகள் கூடிப் பேசியது 1960 இல், எங்கள் இலங்கையில். இன்று பாடசாலை செல்லும் பெண் பிள்ளைகளில் இந்த ஆட்டத்தை அறியாதவர் இந்த நாட்டில் குறைவு.

எங்கள் தேசிய அணியின் கதையும் ஆசிரியையின் கொப்பி மாதிரித்தான். ஆசியக் கிண்ணத்தை இலங்கை ஆறு தடவை வென்றிருக்கிறது. 2009 இல் வென்ற பிறகு ஒன்பது வருடம் கைக்கு எட்டவில்லை. 2018 இல் சிங்கப்பூரில் வைத்து சிங்கப்பூரையே 69–50 என்று வென்று கிண்ணத்தை மீட்டார்கள். 2022 இல் நாடு எரிபொருள் வரிசையில் நின்ற வருடத்தில், மறுபடியும் அதே சிங்கப்பூரை 63–53 என்று வென்றார்கள். 2024 இல் சிங்கப்பூர் கிண்ணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டது. ஆசியாவில் இப்படிக் கொடுப்பதும் எடுப்பதுமாக இருக்கிற அணி, உலகக் கிண்ணத்துக்குப் போனால் வேறு நிலைமை. 2015 இல் சிட்னியில் பதினாறு அணிகளில் பதினாறாவது. 2019 இல் லிவர்பூலில் பதினைந்தாவது. நான்கு வருட உழைப்புக்கு ஒரே ஒரு படி.

பத்திரிகையில் இந்த இடத்தை மட்டும் பார்த்தவர் "இதற்கு ஏன் காசு செலவழிக்க வேண்டும்" என்றுதான் கேட்பார். ஆனால் 2019 இல் அந்த உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும் விட அதிக கோல் போட்டவர் யார் தெரியுமா? எங்கள் தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்தவர். ஆறடி பத்து அங்குலம். 2009 இலும் 2018 இலும் கிண்ணம் வென்ற அணிகளில் இருந்தவர். செலான் வங்கி அவருக்கு வேலை கொடுத்தது. அவுஸ்திரேலியாவில் சிட்டி வெஸ்ட் பால்கன்ஸ் கழகத்துக்கும் விளையாடினார்.

இதை ஒரு வியாபாரி எப்படி வாசிக்க வேண்டும்? கோல் போடுகிற இடத்தில் உலகத் தரமான ஆள் நிற்கிறார். அப்படியிருந்தும் பதினைந்தாவது இடம் என்றால், ஓட்டை இருப்பது விற்பனை மேசையில் அல்ல. பந்து அவரிடம் வந்து சேருகிற வழியிலும், எதிரணி கோல் போடாமல் தடுக்கிற இடத்திலும்தான். கடையில் விற்பனை நன்றாக இருந்தும் நட்டம் வந்தால் விற்பனையாளரைத் திட்டிப் பயனில்லை. கொள்முதலையும் களஞ்சியத்தையும் பார்க்க வேண்டும். எத்தனை முதலாளிமார் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நம் நாட்டில் இந்த ஆட்டம் தனித் தொழில் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வங்கிகளும் கம்பனிகளும் முப்படைகளும் வேலை கொடுக்கின்றன. பிள்ளை பகலில் அலுவலகம், மாலையில் பயிற்சி என்று ஓடுகிறாள். விளையாட்டையே தொழிலாக, இலாப நட்டக் கணக்கோடு பெண்கள் நடத்துகிற இடத்தைப் பார்க்க வேண்டுமானால் தாய் ஆட்டமான கூடைப்பந்துக்கும் அமெரிக்காவுக்கும் போக வேண்டும். கனடாவில் இருக்கும் என் தங்கையின் மகளுக்கு அதில் பைத்தியம். ஆசிரியை வந்துபோன கதையை அவளிடம் சொன்னபோது, "மாமா, நீங்க இண்டியானா ஃபீவரைப் பார்க்கணும்" என்றாள். ஃபீவர் என்றால் காய்ச்சல். காய்ச்சல் என்று பெயர் வைத்தால் விளங்குமா என்று கேட்டேன். அதன் பிறகு அவள் அனுப்பிய கணக்கைப் பார்த்து வாய் மூடினேன்.

அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் 1997 இல் எட்டு அணிகளோடு ஆடத் தொடங்கியது. இண்டியானா 2000 ஆம் ஆண்டில் சேர்ந்தது. 2012 இல் சம்பியன். தமிக்கா கேட்சிங்ஸ் என்ற பெரிய வீராங்கனை 2016 இல் ஓய்வு பெற்றார். அதன் பிறகு ஏழு வருடம் இறுதிச் சுற்றுகளின் பக்கம் கூடப் போகவில்லை. ஒரே ஆளின் தோளில் நின்ற கடை, அந்த ஆள் போனதும் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை. 2022 இல் 36 ஆட்டத்தில் வெற்றி 5, தோல்வி 31. அதில் கடைசிப் பதினெட்டு ஆட்டமும் தொடர் தோல்வி.

அந்த லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வரும் வீராங்கனைகளைத் தெரிவு செய்யும்போது, பின்தங்கிய அணிகளுக்கிடையே குலுக்கல் நடத்தி முதல் தெரிவைக் கொடுப்பார்கள். மோசமாகத் தோற்றவருக்கு வாய்ப்பு அதிகம். நம் சந்தையில் நட்டப்பட்டவனுக்கு இப்படி யாரும் முதல் தெரிவு கொடுப்பதில்லை, வங்கிக்காரர் கடிதம்தான் கொடுப்பார். அது இருக்கட்டும். 2023 இல் அந்த முதல் தெரிவில் அலியா பொஸ்டன் வந்தார். புதிய பயிற்றுநராகக் கிறிஸ்டி சைட்ஸ் வந்தார். அந்த வருடம் 40 ஆட்டத்தில் வெற்றி 13, தோல்வி 27.

வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இருபத்தேழு தோல்வி. யாரும் பட்டாசு கொளுத்தவில்லை. உள்ளூர் ஆட்டங்களுக்குச் சராசரியாக நாலாயிரம் பேர்தான் வந்தார்கள். ஆனால் வெற்றி 5 இலிருந்து 13 ஆகியிருக்கிறது. திருப்பம் நடந்தது அந்த வருடத்தில்தான். அடுத்த வருடம், 2024 இல், கெய்ட்லின் கிளார்க் முதல் தெரிவாக வந்தார். பல்கலைக்கழகத்தில் ஆடும்போதே நாடறிந்தவர். சராசரிக் கூட்டம் பதினேழாயிரத்தைத் தாண்டியது. அவருக்கு லீக் கொடுத்த முதல் வருடச் சம்பளம் 76,535 டொலர். அவரால் வந்த டிக்கெட் வருமானத்தோடு ஒப்பிட்டால் அது எங்கள் கடைப் பையனுக்குக் கொடுக்கிற பெருநாள் காசு மாதிரி. உலகம் முழுவதும் "கிளார்க் வந்தார், அணி எழுந்தது" என்று எழுதியது. உண்மை பாதிதான். கிளார்க் வந்தும் முதல் ஒன்பது ஆட்டத்தில் ஒரு வெற்றி, எட்டுத் தோல்வி. அப்போது கடையை மூடு என்று சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். ஒலிம்பிக் இடைவேளை வரும்போது 11–15. இடைவேளைக்குப் பிறகு 9–5. முடிவில் 20 வெற்றி, 20 தோல்வி. எட்டு வருடத்துக்குப் பிறகு இறுதிச் சுற்றுக்குப் போனார்கள். அங்கே முதல் சுற்றிலேயே கனெக்டிகட் அணியிடம் இரண்டு ஆட்டமும் தோற்று வெளியேறியது வேறு விஷயம்.

கிளார்க்கைப் பற்றி இன்னொரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. அந்த ஒரே பருவத்தில் அவர் இரண்டு லீக் சாதனைகளை ஏற்படுத்தினார். கோலுக்கு வழி செய்து கொடுத்த பந்துகள் 337, அதுவரை யாரும் கொடுக்காத அளவு. பறிகொடுத்த பந்துகள் 223, அதுவும் இதுவரை யாரும் பறிகொடுக்காத அளவு. அதிகம் சாமான் தூக்குகிறவனிடம்தான் அதிகம் உடையும். என் கடையில் முன்பு ஒரு பையன் இருந்தான். எஞ்சின் பாகங்களை அடிக்கடி மாற்றிக் கொடுத்து ஏச்சு வாங்குவான். ஒருநாள் கோபத்தில் நிறுத்திவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, கடையின் பாதி வியாபாரம் அவன் கையால் நடந்திருக்கிறது. உடைந்ததை எண்ணினேன், தூக்கியதை எண்ணவில்லை.

2025 இல்தான் உண்மையான பரீட்சை. கிளார்க் காயப்பட்டு 44 ஆட்டத்தில் 13 இல் மட்டுமே ஆடினார். வேறு பலரும் காயப்பட்டு, அவசரத்துக்கு வெளியிலிருந்து ஆட்களைப் பிடித்து ஆட வேண்டியதாயிற்று. ஆனாலும் ஸ்டெபானி வைட் என்ற புதிய பயிற்றுநரின் கீழ் 24 வெற்றி, 20 தோல்வி. ஜூலையில் நடந்த கொமிஷனர் கிண்ண இறுதி ஆட்டத்தில் கிளார்க் இல்லாமலே மினசோட்டாவை 74–59 என்று வென்றார்கள். இறுதிச் சுற்றில் அட்லாண்டாவை வென்று, லாஸ் வேகாஸ் அணியோடு அரையிறுதியில் ஐந்து ஆட்டம் வரை நின்று 2–3 என்று தோற்றார்கள். 2018 இலிருந்து எல்லாத் தோல்வியிலும் கூட இருந்த கெல்சி மிட்செல் என்பவர்தான் அந்தப் பருவத்தில் பாரத்தைச் சுமந்தார். பிரபலமான ஆள் இல்லாத நாளில் கடை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்னேற்றம் ஆளுடையதா, கடையுடையதா என்று அன்றைக்குத் தெரியும்.

சரி, என் கடைக்கு வருகிறேன். ஆசிரியை போன அன்றிரவே இரண்டு வருடக் கொப்பிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வருடத்தை நான்காகப் பிரித்தேன். தீவுப் பக்கத்தில் இது இயற்கையாகவே பிரிந்து கிடக்கிறது. சோளகம் வீசுகிற காலம் வேறு, மாரி காலம் வேறு. ஜூன் மாத நட்டத்தைப் பெப்ரவரி மாதத்தோடு ஒப்பிட்டு அழுவது மடத்தனம். ஜூனைப் போன வருட ஜூனோடுதான் ஒப்பிட வேண்டும்.

பிறகு செய்த வேலைதான் கசப்பானது. நல்ல மாதங்கள் என்று நான் நினைத்துச் சந்தோசப்பட்ட மூன்று மாதங்களைத் தோண்டிப் பார்த்தேன். மூன்றிலும் வலை நிறைய விற்றிருக்கிறது. ஏன்? இந்திய இழுவைப் படகுகள் நெடுந்தீவுக் கடலில் எங்கள் ஆட்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போன மாதங்கள் அவை. வலை போனவர் வேறு வழியில்லாமல் வந்து வாங்கியிருக்கிறார். அதுவும் கடனுக்கு. அவருடைய நட்டம் என் கொப்பியில் விற்பனையாக ஏறியிருக்கிறது. பாதிக் காசு இன்னும் வரவில்லை, கேட்கவும் மனம் வரவில்லை. அந்த மாதங்களை முன்னேற்றக் கணக்கிலிருந்து எடுத்தேன். எடுத்ததும் மகன் சொன்னதுதான் சரி போலத் தெரிந்தது.

ஆனால் மீதியைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. கைக்காசு விற்பனையை மட்டும் காலாண்டு காலாண்டாக எழுதினேன். மாத நட்டம் சராசரியாக 60,000 ரூபாவில் தொடங்கி, 38,000, பிறகு 21,000 என்று சுருங்கியிருந்தது. சுருக்கியது வலை அல்ல, எஞ்சின் உதிரிப்பாகம். நயினாதீவு, நெடுந்தீவுப் படகுக்காரர் யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போகாமல் என்னிடம் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள், எனக்கே தெரியாமல். நான் வாசலில் வலையைத் தொங்கவிட்டு, உதிரிப்பாகத்தைப் பின்னறையில் வைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மகனுக்கு இந்தக் கணக்கை வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். "வாப்பா, இத முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றான். முதலில் எனக்கே தெரியாது என்று சொல்லவில்லை. ஒரு வருடம் தவணை வாங்கினேன். 2025 முடிவில் இரண்டு காலாண்டு கை சுடாமல் சமமாக வந்தது, இரண்டு காலாண்டு இன்னும் குறைவு. இலாபம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மகனும் மூடச் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்குப் பந்தும் ஜேர்சியும் வாங்கிக் கொடுத்தேன். வளையத்தில் கட்ட வலை இல்லை என்றார்கள். வலைக்கடைக்காரனிடம் அதைக் கேட்க வேண்டுமா? நைலோன் நூலில் நானே பின்னிக் கொடுத்தேன்.

பிறகு ஒருநாள் அவர்கள் வென்றுவிட்டதாகக் கேள்விப்பட்டு ஆசிரியைக்கு வாழ்த்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அன்று கடல் கொந்தளிப்பாக இருந்து நெடுந்தீவிலிருந்து படகு வெளிக்கிடவில்லையாம். எதிரணிப் பிள்ளைகள் குறிகட்டுவான் இறங்குதுறைக்கே வந்து சேரவில்லை. ஆட்டம் நடக்காமலே வெற்றி கொடுத்துவிட்டார்கள்.

"அது எங்கட வெற்றி இல்லை நானா, காத்தின்ர வெற்றி" என்றார். கொப்பியைக் காட்டினார். அந்தத் திகதிக்கு நேரே கோடு மட்டும் கிழித்திருந்தார். அதற்குக் கீழே அடுத்த ஆட்டம்: 16–15. தோல்விதான். கடைசிக் கால் பகுதியை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார், அந்தப் பகுதியை எங்கள் பிள்ளைகள் 5–3 என்று வென்றிருந்தார்கள்.

மன்னார்ச் சகோதரர் தன் இரண்டு வருடக் கணக்கையும் காலாண்டாகப் பிரித்து, கடன் விற்பனையைத் தனியாக எழுதி எனக்கு அனுப்பட்டும். கடையின் பெயரைச் சொல்லாமல் அதை வைத்து அடுத்த வாரம் பேசுவோம்.